தலைமாட்டில் நான்கு விரல்கள்

குட்டியானை வண்டியிலிருந்து கட்டிலை இறக்கி எங்கள் வீட்டு வாசலில் வைத்தார்கள். இரும்புக் கட்டில். ஆஸ்பத்திரிகளில் போட்டிருப்பார்களே, கால்மாட்டில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் மெல்ல எழும்புமே, அந்த வகை. வெயிலில் வந்ததால் சூடான பெயின்ட் வாசனை முன்னறை வரைக்கும் வந்தது. கட்டில்தான் வரவில்லை. என் மனைவி தனலட்சுமி நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி மறித்துக்கொண்டு நின்றாள்.

நான் உள்ளே நைலான் நாடா கட்டிலில், அதன் நடுப்பள்ளத்தில், கிடந்தேன். வலது தொடைக்குள் ஒரு கம்பி. மதுரையில் வைத்து அனுப்பியிருந்தார்கள். எழுந்து உட்கார இரண்டு ஆள் வேண்டும்; கத்துவதற்கு நான் ஒருவனே போதும்.

"ஏக்கா, ஒங்களுக்கே நல்லாருக்கா?" என்றாள் தனம். "தலைமாட்டுல செத்த மனுசன் போட்டோ. ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு. மேல 'நீங்கா நினைவில்'. இதுக்கு அடியில இவியளப் படுக்கப் போட்டா, தெருவுல போறவுக மாலையோட வந்துருவாவ."

"அந்த ஸ்டிக்கர ஒட்டுனது யாரு தனம்? ஒம் புருசன்தான?" என்றது வெளியிலிருந்து எஸ்தர் அக்காவின் குரல். "ஒட்டுனவனே படுக்கலேன்னா ஊருல எவன் படுப்பான்? சரி, எனக்கென்ன. வண்டிய இப்படியே பழைய இரும்புக் கடைக்கு விடச் சொல்லுதேன். ஷெட்டுல கெடக்கிற மத்த கட்டிலையும் சேத்து ஏத்தி விட்டுருதேன். அம்புட்டுதான்."

சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார் என்பது ஜன்னல் வழியே எனக்குத் தெரிந்தது. எஸ்தர் அக்கா கண்ணாடியைத் துடைத்தால் விஷயம் சாதாரணமில்லை.

போன வாரம் இந்தத் தொடரில் என்னை ஏணி உச்சியில் நிறுத்திவிட்டுப் பக்கம் முடிந்துவிட்டது. விழுந்தீரா என்று சிலர் அக்கறையோடு கேட்டார்கள். இன்னும் சிலர் ஆவலோடு கேட்டார்கள். விழுந்தேன். ராஜபாளையத்தில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவன் ஃப்ளெக்ஸ் அடிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆள் வரவில்லையே என்று தானே ஏறிக் கட்டப் போகக் கூடாது. கட்டியது ஒரு பிறந்தநாள் பேனர். 'பல்லாண்டு வாழ்க' என்ற எழுத்துக்கு நேர் கீழே விழுந்து கிடந்தேன்.

வாய்க்குள் நுழையாத வார்த்தை

எஸ்தர் அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். பந்தல், பிளாஸ்டிக் சேர், அண்டா, கரண்டி. கல்யாண வீடு, காது குத்து, சபைக் கூடுகை, துட்டி வீடு, எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் சேர் போகும். சேர் ஒன்றுதான், அழுகையும் சிரிப்பும்தான் மாறும் என்பார்.

சமீபத்தில் ஒரு கல்லூரியில் அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். அதற்கான பேனர் என் கடையில்தான் அடித்தது. 'சமூகத் தொழில்முனைவோர்' என்று பெயருக்குக் கீழே போடச் சொல்லியிருந்தார்கள்.

"ஏலே செல்வம், இது என்னலே, வாய்க்குள்ள நொழைய மாட்டேங்கு?"

"உலகத்த மாத்துறவங்கன்னு அர்த்தம்க்கா."

"உலகத்தையா? நான் பெட்ஷீட்டத்தான மாத்தச் சொல்லுதேன்."

மேடையிலும் ஏறக்குறைய அதைத்தான் பேசினார். கட்டிலை இனாமாகக் கொடுத்தால் கோழி அடைக்கத்தான் ஆகும், சின்னதாக ஒரு வாடகை வாங்கினால் சக்கரத்துக்கு எண்ணெயும் போடலாம், கேட்க உரிமையும் இருக்கும் என்றார். பிறகு, மைக் இடிக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். மாணவர்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பேனரில் என் கடை போன் நம்பர் பளிச்சென்று விழுந்திருந்தது.

யோசனை அவருக்கு வந்த கதை எளிமையானது. அவர் வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து படுத்தபோது, கைப்பிடிக் கட்டில் ஒன்றுக்காக ஊரெல்லாம் அலைந்து கடைசியில் புதிதாகவே வாங்கினார்கள். அவர் போன பிறகு கட்டில் கொல்லைப்பக்கம் போனது. அதில் புளி காய்ந்தது, வத்தல் காய்ந்தது.

ஒரு நாள் மொட்டை மாடியில் துணி காயப்போட ஏறிய அக்கா, அக்கம்பக்கத்துக் கொல்லைகளை எட்டிப் பார்த்திருக்கிறார். அங்கே ஒரு கட்டில், இங்கே ஒரு சக்கர நாற்காலி, அந்தப் பக்கம் வாக்கர் மேல் பூசணிக்கொடி. அதே வாரம் யாரோ கடைக்கு வந்து, அப்பா கீழே விழுந்துட்டாவ, கட்டில் எங்கேயும் கிடைக்குமா என்று விசாரித்தார்கள். வீடு வீடாகச் சும்மா கிடப்பதை வாங்கி, பழுது பார்த்து, பெயின்ட் அடித்து, தேவைப்படுகிற வீட்டுக்கு வாடகைக்கு விடுவது. சேர் விடுகிறோம், அண்டா விடுகிறோம், கட்டில் விடக் கூடாதா? அவ்வளவுதான் யோசனை.

பெயர் இல்லாமல் எரியாத டியூப்லைட்

கேட்டுப் போனால் யாரும் கொடுக்கவில்லை. விற்கவும் மனசில்லை, கொடுக்கவும் மனசில்லை. அப்பா படுத்திருந்த கட்டிலாச்சே!

ராஜபாளையத்து நூல் வியாபாரி ஒருவர்தான் வழியைக் காட்டினார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்; அப்பாவை நாயனா என்பார். "எங்க நாயனா பேரப் பெருசாப் போடுவீங்களா?" என்று கேட்டார். போடுகிறேன் என்றார் அக்கா. மறுநாளே கட்டில் வந்தது. கூடவே ஒரு மெத்தையும் வந்தது.

எங்கள் பக்கத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோயில் டியூப்லைட்டில் கொடுத்தவர் பெயர், ஊர், பிள்ளைகள் பெயர் எல்லாம் எழுதியது போக மிச்ச இடத்தில்தான் வெளிச்சம் வரும். சர்ச் ஃபேன் றெக்கையில் ஒருவர் பெயர் சுற்றிக்கொண்டே இருக்கும். கரன்ட் போனால்தான் வாசிக்க முடியும். பெயர் போடுகிறார்கள் என்று தெரிந்ததும் மம்சாபுரத்திலிருந்தும் வத்திராயிருப்பிலிருந்தும் கட்டில்கள் வரத் தொடங்கின.

இங்கேதான் நான் நுழைகிறேன். "அக்கா, வெறும் பேரு என்னத்துக்கு? கலர்ல போட்டோவோட ஸ்டிக்கர் போட்டுருவோம். என் உபயம்" என்றேன். சமூக சேவை செய்ய எனக்கும் ஒரு வாய்ப்பு.

என் கம்ப்யூட்டரில் இதற்கென்று தயாராக ஒரு டிசைன் இருக்கிறது. வேறு எதற்கு, மரண அறிவிப்புக்குத்தான். இந்துவென்றால் குத்துவிளக்கு, கிறிஸ்தவரென்றால் புறா. நடுவில் போட்டோ, மேலே 'நீங்கா நினைவில்', கீழே தோற்றம், மறைவு. தலைமாட்டுத் தகட்டின் உள்பக்கம், தலையணைக்கு நேர் மேலே, குமிழ் விழாமல் ஒட்டிக் கொடுத்தேன். எல்லாக் கட்டிலையும் ஷெட்டில் வரிசையாக நிறுத்திவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

"ஏலே, கல்லறைத் தோட்டத்துக்குள்ள நிக்கிற மாதிரி இருக்குலே" என்றார் அக்கா.

வாடகைக்குக் கேட்டு வந்தவர்கள் ஷெட்டுக்குள் நுழைவார்கள், தகட்டைப் பார்ப்பார்கள், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். ஒரு பெண், அப்பாவுக்காக வந்தவர், வாசலிலேயே அழுதுவிட்டார். பெயரைப் போடாவிட்டால் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள், போட்டால் வாங்க மாட்டேன் என்கிறார்கள். வைகாசி முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணச் சேர்களைப் போட ஷெட்டு வேண்டும். அதற்குள் ஒரு கட்டிலாவது ஒரு வீட்டுக்குள் போகவில்லையென்றால் எல்லாம் இரும்புக் கடைக்கு என்று முடிவாகியிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் நான் ஏணியிலிருந்து விழுந்தேன். அக்கா அதைக் கர்த்தரின் செயல் என்று இன்றைக்கும் சொல்லிவருகிறார்.

பீரோக் கண்ணாடியில் இரண்டு பேர்

வாசலில் பேச்சு முற்றுவதற்குள் நான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தேன். "தனம், உள்ள விடு. செத்தவர் மேல இருந்தா என்ன, நான் பள்ளத்துக்குள்ளயே செத்துக்கிட்டுத்தான் கெடக்கேன்."

கட்டில் உள்ளே வந்தது. கைப்பிடியைச் சுற்றியதும், விழுந்ததிலிருந்து முதல்முறையாக என் முதுகு தானாக எழும்பி உட்கார்ந்தது. ஜன்னல் தெரிந்தது. எதிர்வீட்டுக் கொடியில் காயும் நைட்டி தெரிந்தது. இவ்வளவு அழகான தெருவா இது என்றிருந்தது.

ஸ்டிக்கரைப் பிய்த்துவிடலாமே என்றாள் தனம். அது கட்டிலைக் கொடுத்த வீட்டுக்கு அக்கா கொடுத்த வாக்கு. அவர்களைக் கேட்காமல் தொட முடியாது. தனம் ஒரு துண்டை எடுத்து அதன் மேல் தொங்கப் போட்டாள். காற்றடித்தால் துண்டு விழும்.

எனக்கு எதிரில் பீரோக் கண்ணாடி. அதில் நானும் அவரும் ஒன்றாகத் தெரிவோம். கீழே சவரம் செய்யாத நான். மேலே பச்சைச் சட்டையில், எதற்கோ சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும் மம்சாபுரம் வேலுச்சாமி. கல்யாணக் கூட்டத்தில் எடுத்த படத்திலிருந்து அவரை மட்டும் வெட்டி எடுத்தவன் நான்தான். அவர் தோளில் யாரோ வைத்திருந்த கையை முழுதாக அழிக்கச் சோம்பல்பட்டு, நான்கு விரல்களை அப்படியே விட்டிருந்தேன். யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு படுக்கப் போகிறவன் நானாகவே இருப்பேன் என்று கண்டேனா?

தனம் பயந்தபடியே நடந்தது. பக்கத்துத் தெரு மில் ஃபிட்டர் சுந்தரம், அவருக்கும் எனக்கும் சம்பந்திகள் போல எப்போதும் ஒரு உரசல், என்னைப் பார்க்க வந்தார். துண்டு விழுந்து கிடந்தது. நான் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகக் குத்துவிளக்கையும் 'நீங்கா நினைவில்' எழுத்தையும் பார்த்த மனிதர், "அடப்பாவி செல்வம், நல்ல மனுசனாச்சேய்யா!" என்று தலையில் கை வைத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் கண்ணை விழித்து, "இன்னொருக்கா சொல்லும்" என்றேன். அதற்குப் பிறகு அவர் சொல்லவே இல்லை.

மம்சாபுரத்திலிருந்து ஒரு ஒயர் கூடை

கட்டில் ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறது என்று அக்கா தகவல் சொல்லியிருக்கிறார். வேலுச்சாமியின் மனைவி சங்கரம்மா பஸ் ஏறி வந்துவிட்டார். ஒயர் கூடையில் கொய்யாப்பழம், துவைத்து மடித்த பழைய வேட்டித் துணி, ஒரு சீசாவில் தேங்காய் எண்ணெய். அவரைக் கூட்டி வந்த எஸ்தர் அக்கா நிலையில் சாய்ந்து நின்றுகொண்டார்.

வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. முதலில் கட்டிலைத்தான் பார்த்தார். குனிந்து கைப்பிடியைத் தொட்டார்.

"சத்தம் போடுதா?"

"போடுது" என்றாள் தனம்.

"செத்த தூக்கிப் புடிச்சுச் சுத்தணும். எண்ணெய் விடணும். இவியளுக்கு அந்தச் சத்தம் ஆகாது."

இவியளுக்கு என்றது என்னை இல்லை என்பது ஒரு நொடி கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அவர் கணவர் வருஷக்கணக்கில் இதில் கிடந்திருக்கிறார். இவர் கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்திருக்கிறார்.

பிறகு தனத்துக்குக் காட்டிக்கொடுத்தார். ஆள் மேலே படுத்திருக்கும்போதே பெட்ஷீட்டைப் பாதி சுருட்டி மாற்றுவது எப்படி. குதிகால் அழுந்தாமல் இருக்க வேட்டித் துணியை மடித்து எங்கே வைப்பது. என்னை இரண்டு பக்கமும் புரட்டிக் காட்டினார். பரோட்டா மாவு மாதிரி நான் ஒத்துழைத்தேன்.

எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோது துண்டு நழுவியது. சங்கரம்மா தகட்டைப் பார்த்தபடி நின்றார். சும்மா இருக்க முடியாமல் நான்தான் வாயைத் திறந்தேன்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. போட்டோவுல அந்த வெரல அழிக்காம விட்டுட்டேன். பக்கத்துல நின்ன யாரோட கையோ."

"என் கைதான்" என்றார்.



"பெரியவ கல்யாணத்துல எடுத்தது. தோள்ல கைய வையுங்கம்மான்னான் போட்டோக்காரன். அம்புட்டுச் சனத்துக்கு முன்னால எப்படி வைக்க? மாட்டேன்னேன். அவிய என்னன்னா, 'வையேம்ட்டி, கடிச்சா வச்சுருவேன்'ன்னாவ." சங்கரம்மா சிரித்தார். "அவிய சிரிப்ப அடக்குதாவ பாத்தியளா, அதுக்குத்தான். வெளிய வச்சு நான் அவியளத் தொட்டது அந்த ஒருக்காத்தான். படுக்கையில விழுந்த பொறவு தொடாத நேரமே இல்ல, அது வேற."

தனம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பேச்சை மாற்றுவதாக நினைத்து, சுந்தரம் வாசலில் உட்கார்ந்து புலம்பிய கதையைச் சொன்னாள். சங்கரம்மா வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார்.

"இந்தப் படத்தப் பாத்துத்தான் யாரும் கட்டில எடுக்க மாட்டேங்காவளா?"

எஸ்தர் அக்கா கண்ணாடியைத் துடைத்தார்.

"அவியளப் பாத்து ஒரு ஈ காக்கா பயந்தது கெடையாது. சந்தையில சின்னப் பய கூட ஏமாத்திட்டுப் போவான். இப்பப் போயி ஊரே பயப்படுதா?" என்றபடி சங்கரம்மா ஸ்டிக்கர் ஓரத்தில் நகத்தை நுழைத்தார். "இருக்கட்டும். படம் வீட்டுல மாட்டியிருக்கு. இங்க அவிய பயங்காட்டிக்கிட்டு இருக்க வேண்டாம்."

தனம் வெந்நீர் கொண்டுவந்தாள். முதல் தரமான ஸ்டிக்கர் என்று நான் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டது அன்றைக்கு நிரூபணமானது. விளக்குகள் உரிந்து வந்தன. முகம் முழுதாக வந்தது; அதைச் சுருட்டிக் கூடைக்குள் வைத்துக்கொண்டார். தோள் பக்கம் மட்டும் வரவில்லை. எவ்வளவு சுரண்டியும் பச்சைச் சட்டையில் ஒரு துண்டும், அதன் மேல் நான்கு விரல்களும் தகட்டிலேயே தங்கிவிட்டன.

"போதும். அது கெடக்கட்டும்" என்றார் சங்கரம்மா. அப்போதுதான் முதல்முறையாக என்னைப் பார்த்தார். "அவிய செத்தத எழுதுனியள்லா? நீங்க எந்திரிச்சா அதையும் இதுல எழுதுங்க. நான் வந்து பாக்கேன்."

கட்டிலோடு போகிற ஆள்

அக்காவின் தொழில் மூளை நிலையில் சாய்ந்தபடியே வேலை செய்திருக்கிறது. அன்றைக்கு அவர் போட்ட சட்டம்தான் இன்றுவரை நடக்கிறது. கட்டில் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும்போது, அதைப் பயன்படுத்திய வீட்டுக்காரர் ஒருவர் கூடவே போக வேண்டும். பெட்ஷீட் மாற்ற, புரட்ட, கைப்பிடி சுற்றக் கற்றுக்கொடுத்துவிட்டு வர வேண்டும். அப்படிப் போனால் வாடகையில் பாதி தள்ளுபடி.

"படத்த நம்பாதவன் ஆள நம்புவாம்லா?" என்றார்.

நான் எழுந்தேன். முதலில் கட்டில் ஓரத்தைப் பிடித்து, பிறகு வாக்கரைப் பிடித்து, பிறகு தனத்தின் அதட்டலைப் பிடித்து. தகட்டில் மார்க்கர் பேனாவால், 'செல்வம், எழுந்து நடந்தார்' என்று எழுதினேன். வருங்கால முதல்வரே, வரலாற்று நாயகரே என்றெல்லாம் ஊருக்கு எழுதிக்கொடுத்தவன், என்னைப் பற்றி எழுதியது அவ்வளவுதான். சங்கரம்மா சொன்னபடி வந்து பார்த்தார். எழுத்து கோணல் என்றார்.

கட்டில் அடுத்ததாக மடவார் வளாகத்துக்குப் போனது. கம்பு ஊன்றிக்கொண்டு நானும் போனேன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், முதுகெலும்பில் நோய். மகள் மீனா பார்த்துக்கொண்டாள். கைப்பிடியைச் சுற்றத் தொடங்கியதும் மனிதர், "ரைட், ரைட்" என்றார். அவருக்கு வசதியான உயரம் வந்ததும், "ஹோல்டான்!" என்று கத்தினார். நான் நிறுத்தினேன். "வத்திராயிருப்பு லைன்ல கூட இப்படிக் குலுங்காம நின்னதில்ல தம்பி" என்றார்.

அதற்குள் ஷெட்டில் இருந்த மற்றக் கட்டில்களுக்கும் விடிவு வந்துவிட்டது. அக்கா கட்டில் கொடுத்த ஒவ்வொரு வீடாகப் போய்ச் சங்கரம்மா செய்ததைச் சொன்னார். நூல் வியாபாரி கொஞ்சம் முறுக்கினார். அவர் நாயனாவின் கட்டிலில் ஒரு பெண்பிள்ளை படுத்து எழுந்து, அதை எழுதிக்காட்டியதும், இப்போது வாரா வாரம் போன் பண்ணுகிறார். "எங்க கட்டில்ல யாரு இருக்கா? எப்ப எந்திரிப்பாக?"

கண்டக்டர் எழுந்திருக்கவில்லை.

மீனா எனக்குப் போன் பண்ணினாள். "அங்கிள், அப்பா பேரையும் அதுல எழுதணும். ஆனா எந்திரிச்சாருன்னு எழுத முடியாதுல்ல?"

எத்தனை அஞ்சலி அடித்திருக்கிறேன். ஒரு வாசகம் கூட உதவிக்கு வரவில்லை. அவளே சொன்னாள். "கடைசியா அவிய கேட்டபடி தலைப்பக்கம் தூக்கி வச்சேன். 'போதும்மா, சௌரியமா இருக்கு'ன்னாவ. அத எழுதுங்க."

எழுதினேன். என் பெயருக்குக் கீழே, அந்த விரல்களுக்குப் பக்கத்தில், அவர் பெயரும் கூடவே: 'சௌகரியமாக இருக்கிறது என்றார்.'

எழுதிவிட்ட பிறகுதான் பயம் வந்தது. அடுத்த வீடு வத்திராயிருப்பில். அவர்கள் இதை வாசிப்பார்கள். பழையபடி எல்லாம் ஷெட்டுக்குத் திரும்பிவிடுமோ? மீனா கூட வருகிறாள் என்றதும் இன்னும் பயம். அக்காவிடம் சொன்னேன். "வரட்டும்லே. அதுவும் புரட்டத் தெரிஞ்ச பிள்ளதான" என்றார். அவர் கையில் கண்ணாடி இருந்தது.

குட்டியானை நின்றது. வாசலில் அந்த வீட்டு மருமகள், நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். எனக்குத் தனத்தைப் பார்ப்பது போலவே இருந்தது. உள்ளேயிருந்து ஒரு கிழவரின் இருமல்.

அவள் தகட்டை வாசித்தாள். "எழுந்து நடந்தவரு யாரு?"

நான் கம்பைத் தூக்கிக் காட்டினேன்.

"இவரு?"

"எங்க அப்பா" என்றாள் மீனா. "இல்லக்கா, எந்திரிக்கல. ஆனா முதுகுல ஒரு புண்ணு வரல. எப்படின்னு நான் காட்டித் தாரேன்."

மருமகள் அவளையே பார்த்தாள். பிறகு பச்சைச் சட்டைத் துண்டின் மேல் விரலை வைத்தாள். "இது யாரு கை?"

வழக்கம்போல ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

"இந்தக் கட்டிலுக்குச் சொந்தக்கார அம்மாவோடது. வீட்டுக்காரர் தோள்ல வச்சது."

அவள் நிலையிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்பச் சரி. உள்ள கொண்டாங்க. பாத்து, நிலை இடிக்கும்."